நாவின் கட்டு

ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்கோம்மா. இந்த இடுப்பை வச்சிக்கிட்டு என்னால உள்ள நுழைஞ்சி வெளிய வர முடியாது. பையைக் காலுக்கு நடுவுல வச்சிக்கிடுதேன், உனக்கு இடிக்காது. பெருசா ஒண்ணுமில்ல. வேதபுஸ்தகம், பாட்டுப் புஸ்தகம், ரெண்டு சேலை, ஒரு தட்டு, டம்ளர். தட்டு எதுக்குன்னு பாக்கியா? போற இடத்துக்கு அவங்கவங்க தட்டு அவங்கவங்க கொண்டாரணுமாம்.

எனக்கு நேர் முன்னால, கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன் எம் மவன்தான். டைட்டஸ். பக்கத்துல உக்காருலேன்னேன். பொம்பளையாளு சீட்டும்மா, நீங்க நிம்மதியா இருங்கன்னுட்டான். கூச்ச சுபாவம். சின்னதுலேயே அப்படித்தான்.

நீ மதுரைக்கா? நாங்க சாத்தூர்ல இறங்கணும். ஒத்தையிலயா போற? வீட்டுக்காரர் வரலையா? கழுத்துல ஒண்ணையும் காணல, அதான் கேட்டேன். சரி, சரி, சொல்ல வேண்டாம். நான் யாரையும் தோண்டித் துருவுதவ இல்ல. மனுஷங்ககிட்ட கேட்டு என்ன ஆவப் போவுது? எதுன்னாலும் ஆண்டவர்கிட்டதான் நான் சொல்லுவேன், ஆண்டவர்கிட்டதான் கேப்பேன். நாங்க வேதக்காரங்க. நாசரேத் பக்கம். எங்க ஊர்ல ரெத்தினபாய் வீட்டு ஜெபம்னு கேட்டுப் பாரு, தெரியாத ஆளு கிடையாது.

குடும்ப ஜெபம்னா உனக்குத் தெரியாதுல்லா? சாயங்காலம் விளக்குப் போட்டதும் டி.வி.யை நிப்பாட்டிட்டு வீட்ல உள்ள எல்லாரும் பாய் விரிச்சி உக்காரணும். ஒரு பாட்டு. வேதத்துல ஒரு அதிகாரம். பிறவு கண்ணை மூடி ஆளுக்கொரு ஜெபம், வாய்விட்டு. சின்னவங்கள்ல இருந்து ஆரம்பிச்சி மேல வரணும். கடைசி ஜெபம் வீட்டுக்குத் தலையா இருக்கிறவங்களுக்கு. எங்க வீட்ல அது நான். கடைசி ஜெபத்துக்கு அப்புறம் யாரும் பேசப்பிடாது. ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சிரணும். ஆமென்னா அப்படியே ஆவட்டும்னு அர்த்தம். கையெழுத்துப் போட்ட மாதிரி. சொல்லிட்டுப் பின்வாங்கினா அது ஆண்டவரை ஏமாத்துத வேலை. சொல்லாம இருக்கவும் கூடாது. ஆமென் சொல்லாதவன் ஒண்ணு உறங்குதான், இல்ல மனசுல எதுத்து நிக்குதான். இதை நான் டைட்டஸுக்கு நாக்கு திரும்புத வயசுலேயே சொல்லிக் குடுத்துட்டேன்.

அதனாலதான் எங்க வீட்ல ஒரு சண்டை கிடையாது. நம்ப மாட்ட. இந்த வாயால ஒருத்தரை ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது நான். மனசுல என்ன இருந்தாலும் சாயங்காலம் ஆண்டவர் பாதத்துல கொண்டு போய் வச்சிருவேன். பக்கத்துல இருக்கிறவங்க காதுல விழுந்தா அதுக்கு நான் என்ன செய்ய? எங்க வீட்டு அவிய பீடி குடிப்பாவ. நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. "ஆண்டவரே, பீடிக்குக் குடுக்கிற முத்தத்தைப் பிள்ளைக்குக் குடுக்கத் தெரியாத இந்த மனுஷனுக்கு இரங்கும்"னு ஜெபிச்சேன். அவ்வளவுதான். கடைசிக் காலத்துல அவிய ஜெப நேரத்துக்கு வீட்டுக்கே வரதில்ல. கடைத்தெருவுல போய் உக்காந்துக்கிடுவாவ. அங்ஙனயே ஒரு நாள் நெஞ்சடைச்சிப் போயிட்டாவ. சரியா ஜெப நேரம். வீட்ல இருந்திருந்தா ஜெபத்துல போயிருப்பாவ. குடுத்து வைக்கல.

மருமவளைப் பத்தி வெளியாளுட்ட பேசப்பிடாது. பேசவும் மாட்டேன். ஆனா உன்னைப் பாத்தா தங்கமான பிள்ளையா தெரியுது, நீயும் மதுரையில இறங்கிப் போயிருவ. அவ பேரு பெர்சிஸ். டைட்டஸுக்குப் பொண்ணு பாக்கப் போயிருந்தோம். நாங்க சடையை இழுத்துப் பாக்குறது, நடக்கச் சொல்லிப் பாக்குறது எல்லாம் கிடையாது. ஒரு பாட்டுப் பாடும்மான்னு கேப்போம். குரலைக் கேட்டா வளர்ப்பு தெரிஞ்சிரும். அவ ஒரு கீர்த்தனை பாடினா பாரு. கணீர்னு, ஒரு பிசிறு கிடையாது. ஒவ்வொரு வார்த்தையும் முத்து மாதிரி விழுந்திச்சி. என் தங்கச்சி கண்ணு கலங்கிட்டா. அங்ஙனயே நான், இவதான் எம் மருமவள்னு சொல்லிட்டேன். அவ அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, இந்தக் குரலு போதும்னு அவர் வாயை நான்தான் அடைச்சேன். கையோட நாளும் குறிச்சாச்சி.

கல்யாணத்தன்னைக்குக் கோயில் நிறைய சனம். எங்க ஐயரு, பாதிரியாரைத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம், அவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளையும் பொண்ணும் திருப்பிச் சொல்லணும். டைட்டஸ் அழகா சொன்னான். அடுத்து அவ. "பெர்சிஸ் ஆகிய நான்"னு ஐயர் எடுத்துக் குடுக்காரு. இவ, "பெ... பெ... பெ..." கழுத்து நரம்பு புடைக்கு, கண்ணு மேல சொருவுது, தன் பேரைத் தன்னால சொல்ல முடியல. பின்னால பயலுவ சிரிக்கானுவ. முக்காடு நனைஞ்சி போச்சி அவளுக்கு. ஐயர் பாவம், "மனசுல சொல்லும்மா, போதும்"னுட்டாரு.

பாட்டுல திக்காதாம். பேச்சுலதான் திக்குமாம். இதை யாரு கண்டா? பாட்டைக் கேட்டு ஏமாந்த குடும்பம் உலகத்துலயே எங்க குடும்பம்தான். வேற ஒருத்தி மாமியாரா இருந்தா மூட்டையக் கட்டி அனுப்பிருப்பா. நான் அன்னைக்கே ஆண்டவர்கிட்ட ஒப்புக் குடுத்துட்டேன். "ஆண்டவரே, இது நீர் என் தலையில வச்ச சுமை. இவ நாவின் கட்டை அவிழ்க்கிற வரைக்கும் நான் உம்மை விடமாட்டேன்."

விடலம்மா. ஒரு நாளு விடல.

தினமும் குடும்ப ஜெபத்துல அவளும் வாய்விட்டு ஜெபிக்கணும்னு சொல்லிட்டேன். பழகினாத்தான வரும்? அவ "ப... ப... பர..."ன்னு ஆரம்பிப்பா. "பரலோக" வந்து முடியறதுக்குள்ள சோறு ஆறிரும். நாங்க கண்ணை மூடிக் காத்துக்கிட்டு இருப்போம். அவசரப்படுத்த மாட்டேன் நான். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். டைட்டஸ் ஒரு நாள், "அம்மா, அவ மனசுக்குள்ள ஜெபிக்கட்டுமே"ன்னான். அன்னைக்கே சாயங்காலம், "ஆண்டவரே, பெத்தவளுக்குப் புத்தி சொல்லுத அளவுக்கு எம் மவன் பெண்டாட்டி முந்தானையில முடிஞ்சி கிடக்கான், அவனை அவிழ்த்து விடும்"னு ஜெபிச்சேன். அவனே ஆமென் சொன்னான். அப்புறம் வாயைத் திறக்கல. சொன்னேன்லா, எங்க வீட்ல சண்டையே கிடையாது.

சபையில பெண்கள் ஐக்கியம்னு உண்டு, பொம்பளைங்க கூடி ஜெபிக்கிறது. யார் வீட்ல என்ன குறையோ அதைச் சொன்னா எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பாவ. நான் இவளை நடுவுல முட்டுக்கால் போட வச்சி, எல்லாருமா தலையில கை வச்சி, எண்ணெய் பூசி ஜெபிச்சோம். முடிஞ்சதும் ஒவ்வொருத்தியும், "இப்பச் சொல்லு பாப்போம், உம் பேரென்ன?" "நான் கேக்கேன், எனக்குச் சொல்லு"ம்பாளுவ. எல்லாம் அன்புலதான். அவளுக்கு இன்னும் கூடுதலா திக்கும். வீட்டுக்கு வந்து கொல்லையில உக்காந்து அழுவா. விசுவாசம் காணாது, அதான்.

கெசியா பிறந்தா. எம் பேத்தி. அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சிது. பிள்ளை தாயைப் பாத்துத்தான பேசப் படிக்கும்? நான் பெர்சிகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ பிள்ளைகிட்ட பேசாதேன்னு நான் சொன்னேன்னு யாராவது சொன்னா அது சுத்தப் பொய். ஜெபத்துல மட்டும், "ஆண்டவரே, இந்தப் பச்சை மண்ணுக்குத் தாயின் வியாதி ஒட்டாதபடி, தாயின் வாய்க்குக் காவல் வையும்"னு கேட்டேன். அவ ஆமென் சொன்னா. அந்த ஒரு சொல்லு மட்டும் அவளுக்குத் திக்காது, பாத்துக்கோ. எல்லாரோடயும் சேந்து சொல்லுதா, அதனால. மறுநாள்ல இருந்து அவ பிள்ளைகிட்ட பேசல.

பேசல, ஆனா பாட ஆரம்பிச்சிட்டா. குளிக்க வான்னு பாட்டு. சாப்பிட வான்னு பாட்டு. செருப்பைப் போடுன்னு அதுக்கு ஒரு ராகம். பிள்ளை என்னடான்னா கெக்கெக்கேன்னு சிரிக்கு. தெருவுல போறவன் நின்னு பாக்கான். வீடா, நாடகக் கொட்டகையா? "உமக்குப் பாட வேண்டிய வாயை அடுப்படிக்கும் கக்கூஸுக்கும் இழுக்காதபடி செய்யும்"னு ஜெபிச்சேன். அதுவும் நின்னு போச்சி. அதுக்கப்புறம் பிள்ளையக் கூப்பிடணும்னா கையைத் தட்டுவா. கெசியா இப்பப் பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில பரிசு வாங்குதா தெரியுமா? ஜெபத்துக்குப் பலன் இல்லேன்னு யாரு சொன்னா?

என்ன அப்படிப் பாக்க? தண்ணி வேணுமா? என்கிட்ட இருக்கு. வேண்டாமா? சரி.

இந்த இடுப்பு உடைஞ்சது போன மழைக்கு. குளிமுறியில வழுக்கிட்டு. பெர்சிதான் எல்லாம் பாத்தா. குளிப்பாட்டி, துடைச்சி, படுக்கையிலேயே எல்லாம். ஒண்ணையும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். முகத்துலதான் ஒரு சிரிப்பு கிடையாது. "செய்யுத ஊழியத்தை முகமலர்ச்சியோட செய்ய இவளுக்கு இருதயத்தைத் தாரும்"னு படுக்கையில இருந்தே ஜெபிப்பேன். பீ துடைச்சிக்கிட்டே ஆமென்பா.

கொஞ்சம் எந்திரிச்சி உக்காருத அளவுக்கு வந்ததும் ஐயரும் அவர் வீட்டம்மாவும் சபைக்காரங்க கொஞ்சப் பேரும் பாக்க வந்தாவ. வீடு நிறைய ஆளு. வந்தவங்க ஜெபிக்கலாமான்னாவ. நான், "முதல்ல எம் மருமவ ஜெபிக்கட்டும் ஐயரே"ன்னேன். வழக்கம் தப்பக் கூடாதுல்லா? டைட்டஸ் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். ஐயரம்மா, "பாவம், விடுங்களேன்"னா. நான் விடல. எத்தனை வருஷ ஜெபம்!

பெர்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு கண்ணை மூடினா. நாங்களும் மூடினோம். சரி, சோறு ஆறட்டும்னு நான் சாஞ்சி உக்காந்தேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சி. ஒரு இடத்துல திக்கலம்மா! அதுலயும் அது யார் குரலுன்னு நினைக்க? என் குரலு. என் இழுவை, என் ராகம், நான் மூச்சு வாங்குத இடத்துல அவளும் மூச்சு வாங்குதா. கண்ணை மூடிக் கேட்டா நான்தான் ஜெபிக்கேன்னு சத்தியம் பண்ணுவ. "அல்லேலூயா!"ன்னு கத்தினதே நான்தான். எனக்குப் பின்னால எல்லாரும் கத்தினாவ.

அவ நிப்பாட்டல. "படுக்கையில் வாடுகிற இந்தத் தாயாருக்காக ஜெபிக்கிறேன் ஆண்டவரே. அவர்களுக்கு எங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம். பேச்சுத் துணைக்குக்கூட நான் ஆகாதவள் என்பது உமக்குத் தெரியும்." நான், ஆமென்! "வயதில் மூத்தவர்கள் கூடி எந்நேரமும் உம்மைத் துதிக்கிற ஒரு நல்ல இடத்தை இவர்களுக்கு ஆயத்தம் பண்ணும்." எல்லாரும், ஆமென்! "அதற்குத் தடையாக என் கணவரின் மனதில் இருக்கிற மாம்சப் பாசத்தை அறுத்துப் போடும். இந்தத் தாயார் மனநிறைவோடு புறப்பட்டுப் போக அவர்களுக்குக் கிருபை செய்யும்." ஆமென், ஆமென், ஆமென்! சத்தமா சொன்னது யாரு? நான்தான். அவ என்ன சொல்லுதாங்கிறதை எங்க கேட்டேன்? திக்காம சொல்லுதாளே, அதையில்லா கேட்டுக்கிட்டு இருந்தேன்!

கண்ணைத் திறந்தா ஐயரு தேம்பித் தேம்பி அழுதாரு. நாவின் கட்டு அவிழ்ந்திட்டு, நம்ம சபையில அற்புதம் நடந்திட்டுன்னு சொல்லுதாரு. சாத்தூர் பக்கம் அப்படி ஒரு இல்லம் இருக்கு, நடத்துறவங்களை எனக்குத் தெரியும், இன்னைக்கே பேசுதேன்னும் சொன்னாரு. நான் டைட்டஸைப் பாத்தேன். அவன் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு நாளு கழிச்சி, எனக்கு இது சரிப்படாது மக்கான்னு அவன்கிட்ட மெதுவா சொன்னேன். "நீங்கதானம்மா முதல்ல ஆமென் சொன்னீங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் சொல்லிக் குடுத்த பாடம்.

இதுல ஒரு அதிசயம் கேளு. அந்த ஜெபம் முடிஞ்ச மறுநாளே அடுப்படியில "உ... உ... உப்பு"ன்னு பழையபடி திக்குதா. கறிக்காரன்கிட்ட பேர் சொல்லத் திக்குதா. அப்ப அந்த ஒரு ஜெபம் மட்டும் எப்படி வந்திச்சி? அவ பேசலம்மா. ஆவியானவர் பேசினாரு. அது தேவசித்தம். அப்படி இல்லேன்னா நான் இத்தனை வருஷமா பண்ணின ஜெபமெல்லாம் என்ன? அதுவும் வெறும் பேச்சுன்னு ஆயிராதா? ஆவ விடுவேனா? கோயில்ல சாட்சி சொன்னேன், இந்தக் கம்பை ஊணிக்கிட்டு, எல்லார் முன்னாலயும். எங்க மருமவ வாயிலிருந்து வந்தது ஆண்டவர் வார்த்தைன்னு நானே சொன்னேன்.

கெசியா மட்டும் நேத்து நான் பையில சேலையை வைக்கும்போது வந்து, "ஆச்சி, நீ தூங்கும்போது அம்மா கதவைச் சாத்திட்டு உன்னை மாதிரியே பேசிப் பேசிப் பாப்பாளே, உனக்குத் தெரியாதா?"ன்னா. சின்னப் பிள்ளை. என்னத்தையோ பாத்துட்டு என்னத்தையோ உளறுது.

இன்னைக்குப் புறப்படும்போது பெர்சி வாசல் வரைக்கும் வந்தா. அவ வாய் அசைஞ்சிது. போயிட்டு வாங்க அத்தைன்னு சொல்ல வந்திருப்பா. "போ... போ... போ..." அங்ஙனயே நின்னு போச்சி. ஆட்டோக்காரன் அவசரப்பட்டான். நாங்க வந்துட்டோம்.

கோவில்பட்டி தாண்டியாச்சா? அப்ப சாத்தூர் வந்துரும். எம்மா, ஒரு ஜெபம் பண்ணிட்டு இறங்குதேன். உனக்காகத்தான். நீ எந்தச் சாமியக் கும்பிட்டா என்ன, கண்ணை மூடு. கையைக் குடு. கொஞ்சம் சத்தமாத்தான் ஜெபிப்பேன், கூச்சப்படாத.

"கிருபையுள்ள தகப்பனே, இந்தப் பிரயாணத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். பக்கத்தில் இருக்கிற இந்த மகளுக்காக ஜெபிக்கிறேன். வெறுங்கழுத்தோடு ஒத்தையில போகிறாள். என்ன தப்புப் பண்ணினாளோ, அது உமக்கும் அவளுக்கும் வெளிச்சம். மன்னியும் ஆண்டவரே. முன்னால் இருக்கிற என் மகன் டைட்டஸுக்காக ஜெபிக்கிறேன். இடுப்பு ஒடிந்த தாய்க்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஆனாலும் ஆண்டவரே, அவள் தன் வீட்டுப் பாயில், தன் பேத்தி பக்கத்தில் சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இந்த வண்டி நிற்கும்போது, 'அம்மா, இறங்க வேண்டாம், திரும்பிப் போவோம்' என்று ஒரு வார்த்தை சொல்லும்படி, என் மகனின் நாவின் கட்டை அவிழ்த்துவிடும். எங்கள் ஜெபத்தைக் கேளும் நல்ல பிதாவே."

இரு. நீ சொல்லாத. அவன் முதல்ல சொல்லட்டும்.

டைட்டஸு...

உறங்குதான் போல. நேத்தெல்லாம் எனக்காக அலைச்சல். என்னது, முழிச்சிருக்கானா? தலை நிமிந்து இருந்தா முழிச்சிருக்கான்னு அர்த்தமா? அவன் உக்காந்தே உறங்குவான்மா. சின்னதுலேயே ஜெபத்துல அப்படித்தான், நிமிந்து உக்காந்துக்கிட்டே உறங்கிருவான். கண்ணு திறந்திருந்தாலும் உறங்குவான். எனக்குத் தெரியாதா எம் பிள்ளையை?

சாத்தூர்னு கண்டக்டர் கத்துதாரு. பாரு, எந்திரிச்சிட்டான். அந்தச் சத்தத்துல முழிச்சிருப்பான். என் கையைக் கொஞ்சம் விடும்மா, கம்பைப் பிடிக்கணும். அந்தத் தட்டுப் பையை எடுத்து அவன்கிட்ட குடு. உறங்கிட்டுத்தான் இருந்தான், பாத்தேல்லா? நீயும் பாத்தேல்லா?